பால்கனி வைத்த குவார்ட்டர்ஸ்

அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்கு அவள் அக்கா, தம்பி மனைவிக்கு அண்ணி, தம்பி மகனுக்கு அத்தை. அவள் இல்லாத இடத்தில் பேசும்போது மூன்று பேருக்கும் பெரியவள். கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஊரில் பாதி வீடுகளை முதலில் கட்டியது அவளுடைய பென்சில்தான். தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ளவில்லை. அப்பா கண்ணை மூடியபோது தம்பி அரைக்கால் சட்டையில் இருந்தான். அவனை ஆளாக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கல்யாண வயது கடந்து போயிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாத குணம் சில குடும்பங்களில் பரம்பரைச் சொத்து. நிலம் நகை போலல்லாமல், அதை யாரும் பங்கு கேட்க முடியாது.

தம்பி மகனுக்குப் பெண் நிச்சயமான வாரத்தில், தம்பி மனைவி அளவுநாடாவும் கையுமாக வீட்டைச் சுற்றி வந்தாள். புதுக் கட்டிலும் அலமாரியும் வரப்போகின்றன. எங்கே போடுவது என்று தெரியவில்லை.

"அண்ணி, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்."

பெரியவள் பிடித்தாள். பையன் இதுவரை படுத்திருந்த முன்னறையை அளந்தார்கள். அது அறையே இல்லை, மாடிப்படிக்குப் போகிற வழி. தம்பியின் அறையில் ஏற்கெனவே பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். கூடத்தில் கட்டில் போட்டால் வாசல் கதவு பாதிக்கு மேல் திறக்காது. கடைசியாகப் பெரியவளின் அறை. அவள் சுவரோரம் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி மனைவி நாடாவை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரை போனாள். கட்டில் கொள்ளும், அலமாரி கொள்ளும், அதற்கு மேல் கதவும் தாராளமாகத் திறக்கும். அளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு நாடாவைப் பார்க்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

"சரியா வருதா?" என்று கேட்டாள் பெரியவள்.

"பார்ப்போம் அண்ணி." தம்பி மனைவி நாடாவைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

அவள் கெட்டவள் அல்ல. போ என்று சொல்லுகிற நாக்கு அவளுக்கு இல்லை. ஆனால் சொல்லாவிட்டாலும் அந்த வீட்டில் ஓர் அறை குறைகிறது என்பது கணக்கு. அந்தக் கணக்கை யாராவது வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருப்பது பெரியவளின் வழக்கம் இல்லை. சொன்னால், சொன்னவர்களுக்கு அது ஆயுசுக்கும் பழி. அக்காவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மகனுக்குக் கட்டில் போட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். தான் வளர்த்த பிள்ளையின் பெயரில் அப்படி ஒரு கறை விழ அவள் இடம் கொடுக்கமாட்டாள்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "பக்கத்து நகரத்துல பெரிய கட்டட வேலை ஒண்ணு நடக்குது. மேற்பார்வைக்குக் கூப்பிடறாங்க. தங்க குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்களாம்."

"இந்த வயசுல வேலையா அக்கா? ஊர் என்ன பேசும்?" என்றான் தம்பி.

"வேலை செய்யறவளைப் பத்தி ஊர் என்ன பேசும்? வீடு தேடி வந்து கூப்பிட்டுட்டுப் போறாங்க, அவ்வளவு கெட்டிக்காரின்னு பேசும்."

"அங்க போய்த் தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?"

"எனக்கு என்ன கஷ்டம்?"

தம்பி மறுத்தான். ஒரு தடவை மறுத்தான். இரண்டாவது தடவை மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி, கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடணும்," என்றான். தம்பி மனைவி அவளுக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். அவ்வளவில் முடிந்தது.

மேற்பார்வையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. வாடகைக்கு ஓர் அறை பிடிக்கலாம்தான். ஆனால் தனியாக வரும் வயதான பெண்ணிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, உங்களுக்கு யாரும் இல்லையா என்பதைத்தான். உண்டு என்றால் ஏன் தனியாக வந்தீர்கள் என்பார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கேள்வி கேட்காத வீடு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததைக் கொண்டு பழைய வேன் ஒன்றை வாங்கினாள். அலுவலக நாட்களில் மனை பார்க்கப் போய்வருவதற்காக வண்டி ஓட்டக் கற்றிருந்தது இப்போது கைகொடுத்தது.

அந்த வேன் முன்பு ஒரு மெக்கானிக்கிடம் இருந்தது. வெள்ளை வண்டி, பின்பக்கம் முழுக்கத் தகரம், ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் நீல எழுத்தில் 'ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கப்படும்' என்று எழுதியிருந்தது. போன் நம்பரை மட்டும் பழைய முதலாளி சுரண்டிவிட்டிருந்தார்.

நகரத்து எல்லையில், பழைய டயர் அடுக்கிவைத்த ஒரு சந்துக்குள் வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவரைத் தெருவில் எல்லாரும் தீப்பொறி என்று கூப்பிட்டார்கள். சட்டை முழுக்கப் பொத்தல்; வாயும் அப்படித்தான், எதுவும் நிற்காது.

"அம்மா, முதல்ல இந்த எழுத்தை அழிச்சிடலாம்," என்றார்.

"இருக்கட்டும்."

"வீட்டு வாசல்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு எழுதி வச்சா, வர்ற விருந்தாளி முதுகுல ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு வருவான்."

"விருந்தாளி வரமாட்டாங்க. வெளியே பார்த்தா இது சரக்கு வண்டியாத்தான் இருக்கணும். உள்ளே ஆள் இருக்கிற அடையாளமே தெரியக்கூடாது."

தீப்பொறி தலையைச் சொறிந்துகொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை. பெரியவளின் முகம் சில கேள்விகளை அனுமதிக்காத முகம்.

பட்டறைத் தரையில் வண்டியின் உள்ளளவைச் சாக்கட்டியால் முழு அளவுக்கு வரைந்தாள். காகிதத்தில் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும் என்பது அவளுக்கு அனுபவப் பாடம். எத்தனையோ வீட்டுக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துவிட்டு, குடிபோன பிறகு முட்டியை இடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டிகளைக் கட்டிலாகவும் அடுப்பாகவும் அடுக்கி, கோட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாள். குனிந்தாள், திரும்பினாள், இல்லாத அடுப்பிலிருந்து இல்லாத பாத்திரத்தை இறக்கினாள். இடுப்பு இடித்த இடத்தில் கோட்டை அழித்து மறுபடி போட்டாள்.

"நாடக ஒத்திகை மாதிரி இருக்கும்மா," என்றார் தீப்பொறி.

"ஒத்திகை இல்லாம மேடை ஏறினா விழுந்துதான் வைக்கணும்."

கனமானதெல்லாம் தரையோடு தரையாக, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் போயிற்று. தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் என்றால் பேட்டரியும் சிலிண்டரும் எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் வண்டி ஒருக்களித்து நடக்கும். ஒரே வேலைக்கு மட்டும் பயன்படுகிற சாமானை அவள் சேர்க்கவில்லை. கட்டிலே பெட்டி, மேசையே காய் நறுக்கும் பலகை, ஏறும் படியைத் தூக்கினால் உள்ளே செருப்பு. தினம் எடுப்பது உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டவேண்டும். எப்போதோ எடுக்கும் நல்ல புடவைகள் கட்டிலுக்கு அடியில் கடைக்கோடியில். ஓடும்போது கதவுகள் வாய் பிளக்காதபடி எல்லாவற்றுக்கும் அமுக்குத் தாழ். கட்டிலைக் குறுக்கே போட்டால் நிறைய இடம் மிச்சமாகும் என்று தீப்பொறி சொன்னார். பெரியவள் உயரமானவள், ஒத்துக்கொள்ளவில்லை. காலை மடக்கிப் படுக்கவேண்டிய நிலைமை வரக்கூடாது என்றுதானே வீட்டைவிட்டே கிளம்பினாள்.

சிலிண்டர் பெட்டிக்கு அடியில் தரையைத் துளைத்து ஓர் ஓட்டை போடச் சொன்னாள். வாயு கசிந்தால் கீழே இறங்கும், வெளியே போக வழி வேண்டும்.

தீப்பொறி துளைத்து முடித்து நிமிர்ந்தார். "சிலிண்டருக்கு மூச்சு விட வழி பண்ணிட்டீங்க. உங்களுக்கு?"

"டிரைவர் சீட்டுப் பக்கம் ஒரு சின்னத் தடுப்புக் கதவு இருக்கே. சமைக்கும்போது அதைத் திறந்து வச்சுக்கறேன்."

"அது போதாதும்மா. அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு ஜன்னல் வெட்டித் தரேன். கூரையில ஒரு காத்தாடி. ஜன்னல் இல்லாததுக்கு வீடுன்னு பேர் இல்லம்மா, பீரோன்னு பேர்."

இது அவளுக்குத் தெரியாததா? அறைக்கு இரண்டு திறப்பு, ஒன்று காற்று வர, ஒன்று காற்று போக என்று முப்பது வருஷம் வாடிக்கையாளர்களிடம் மல்லுக்கு நின்றவள் அவள். சமையலறை ஜன்னலைக் குறைக்கச் சொன்ன ஒரு பெரிய மனிதரிடம், இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து போனவள். இந்த வண்டிக்குப் போட்ட முதல் வரைபடத்தில் தெருப் பக்கம் ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலும் போட்டுத்தான் இருந்தாள். பிறகு யோசித்தாள். ஜன்னல் இருந்தால் திரை இருக்கும், திரை இருந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியும், ஆள் தெரிந்தால் யாராவது ஒருநாள் அடையாளம் கண்டுகொள்வார்கள். நகரத்துக்கும் ஊருக்கும் பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த வீட்டுப் பெரியவள் வண்டிக்குள் குடியிருக்கிறாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். ரப்பரை எடுத்து இரண்டு ஜன்னல்களையும் தேய்த்து எடுத்துவிட்டாள்.

"வேண்டாம்," என்றாள் தீப்பொறியிடம்.

குடிபோன முதல் நாள் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. விளையாட்டு மைதானத்துச் சுவரை ஒட்டி மரநிழலில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே ஏறிக் கதவை இழுத்துச் சாத்தியதும் தெருச் சத்தம் தொலைவுக்குப் போயிற்று. கட்டிலில் உட்கார்ந்து கை நீட்டினால் டம்ளர், கை நீட்டினால் புத்தகம், கை நீட்டினால் விளக்கு. இதைவிடக் கச்சிதமாக ஒரு மனுஷிக்கு வீடு வரையமுடியாது என்று அவளுக்கே தோன்றியது. அதைச் சொல்லிக் காட்டத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பகலில் நூலகத்தில் உட்கார்ந்தாள்; பொதுக் குளியலறையில் குளித்தாள்; சந்தையில் ஒருத்திக்கு வேண்டிய அளவு காய் வாங்கினாள். கடைக்காரர் ஒவ்வொரு முறையும், "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். வண்டியை ஓர் இடத்திலேயே நிறுத்தினால் கவனிப்பார்கள் என்று, மைதானம், ஆஸ்பத்திரி வாசல், கிடங்குத் தெரு என்று மாற்றி மாற்றி நிறுத்தினாள்.

வாராவாரம் தம்பி போன் செய்வான்.

"சாப்டியா அக்கா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. குவார்ட்டர்ஸ்ல தண்ணியெல்லாம் ஒழுங்கா வருதா?"

பெரியவள் சுவரைப் பார்த்தாள். தகரத்தின்மேல் பதித்த பலகை நெடுகிலும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. "தண்ணிக்குக் குறைவே இல்லடா," என்றாள்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. காலையில் கண் விழித்தால் கூரையிலிருந்து நெற்றியில் சொட்டும். போர்வை நமத்துப்போயிருக்கும். கூரைத் தகரத்தின் இணைப்பு எங்கோ விட்டுவிட்டது என்று நினைத்துப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். தீப்பொறி குழாயைக் கூரைமேல் திருப்பிவிட்டு, அவளை உள்ளே உட்காரச் சொன்னார். வெகுநேரம் தண்ணீர் அடித்தும் ஒரு பொட்டு உள்ளே வரவில்லை.

"மேலருந்து ஒழுகலம்மா. உள்ளருந்துதான்."

"உள்ளே ஏது தண்ணி?"

"உங்க மூச்சுதான். விடற மூச்சு வெளியே போக வழியில்லாம தகரத்துல மோதித் தண்ணியாகுது. சமைக்கிற ஆவியும் சேர்ந்துக்குது. பெரிய ஜன்னல் வேண்டாம், ரெண்டு சின்னதா வெட்டிக்கலாம்மா."

"இப்ப வேண்டாம். கல்யாணம் முடியட்டும்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு."

"அப்ப வீடு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தீப்பொறி நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவள் ஒரு துணியை வாங்கிப்போய்ச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து விடிந்ததும் முதல் வேலை, தான் விட்ட மூச்சைத் தானே துடைத்துப் பிழிவது.

இன்னொரு தொல்லை, கதவைத் தட்டுகிறவர்கள். எழுத்தை அழிக்காமல் விட்டதன் பலன். வண்டி எங்கே நின்றாலும் நாளுக்கு ஒருவராவது வந்து தகரத்தைத் தட்டுவார்கள்.

"அண்ணே, இருக்கீங்களா? ஃபிரிட்ஜ் கூலிங் ஆகல."

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் இரண்டு தட்டு. "ஆளைக் காணோம். வண்டியைப் போட்டுட்டு எங்கயோ போயிட்டான்." செருப்புச் சத்தம் விலகும். அவள் கதவைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் வேறு ஓர் ஆளைத் தேடித்தான் வந்தார்கள். ஆனாலும் சில நாட்களில், சாயங்காலம் வரை யாரும் தட்டவில்லை என்றால் அவள் காது வாசல் பக்கமே இருந்தது. ஒரு தடவை கிழக்குரல் ஒன்று, "ஐயா, வாஷிங் மெஷின்ல தண்ணி இறங்க மாட்டேங்குது, வீட்ல நான் ஒருத்திதான், தூக்கிட்டு வர முடியாது," என்று விலாசத்தோடு சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றது. கதவுக்கு இந்தப் பக்கம் பெரியவளும் வெகுநேரம் நின்றாள். தாழ்மேல் கை வைத்தாள்; திறக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. விடியும் முன்பே கட்டிலுக்கடியிலிருந்து நல்ல புடவையை எடுத்து, குறைந்த வெளிச்சத்திலேயே உடுத்திக்கொண்டு பஸ் ஏறினாள். ஏதோ வாடை அடிக்கிற மாதிரி இருந்தது. பஸ் வாடை என்று நினைத்துக்கொண்டாள். தினமும் அந்த வாடைக்குள்ளேயே இருக்கிற மூக்கு எதைத்தான் கண்டுபிடிக்கும்?

மண்டப வாசலிலேயே தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க வீட்டுக்குத் தலை இவங்கதான்," என்று சம்பந்தி வீட்டாரிடம் சொன்னான். பிடித்த கையை விடவில்லை. மாப்பிள்ளைப் பையன் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, "அத்தை, முன்னாடி வரிசையில உட்காருங்க, நான் பார்த்தா நீங்க தெரியணும்," என்றான். முன்வரிசையில் பெண்ணின் தாய்க்குப் பக்கத்தில் இடம் போட்டார்கள். பெரியவள் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். மண்டபத்து விளக்குகளுக்கெல்லாம் அவளைத் தவிர வேறு வேலையில்லாத மாதிரி வெளிச்சம் கொட்டியது.

"குவார்ட்டர்ஸ் எப்படி இருக்கு?" என்றாள் சம்பந்தியம்மா. "உங்க தம்பி மனைவி சொல்லிச் சொல்லி எனக்கு நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு. ரெண்டாவது மாடியாமே. பால்கனி வச்சிருக்காங்களாமே. அதுல நீங்க செடியெல்லாம் வளர்க்கறீங்களாமே."

பெரியவள் ஒரு கணம்தான் தடுமாறினாள். "ஆமாம். காத்துதான் விசேஷம். ரெண்டு பக்கமும் அடிக்கும்."

"குடுத்து வச்சவங்க. அடுத்த மாசம் பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு நானே வர்றேன். ஒரு நாள் தங்கிட்டு வரலாம்ல?"

"அதுக்கென்ன," என்று வாய் சொன்னது. சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டதையும், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதையும் பெரியவள் கவனித்தாள். குனிந்து மடியைப் பார்த்தாள். பச்சைப் புடவையின் மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. கொசுவத்தில் வட்டம் வட்டமாகப் பூஞ்சணம். அவ்வளவு வெளிச்சத்தில் ஒளிக்க இடமில்லை. சம்பந்தியம்மாவின் கண்ணும் மெல்ல அங்கே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவி காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். முதலில் புடவையைப் பார்த்தாள், பிறகு சம்பந்தியம்மாவின் கைக்குட்டையை.

"அண்ணி, புடவைல காப்பி கொட்டிடுச்சே," என்றாள்.

"எங்க? கொட்டலியே."

தம்பி மனைவி டம்ளரை நிதானமாகச் சாய்த்தாள். காப்பி மடியில் வழிந்து கொசுவம் முழுக்க இறங்கியது. "இப்ப கொட்டிடுச்சு பாருங்க. என் கையே இப்படித்தான், ஒண்ணும் நிக்காது. எழுந்திருங்க, மாத்திக்கலாம்."

பெண்கள் உடைமாற்றும் அறைக்குள் போனதும் தம்பி மனைவி தாழ் போட்டாள். வந்தவர்கள் வைத்துவிட்டுப்போன பைகளும் பவுடர் வாசனையுமாக இருந்த அந்தச் சின்ன அறையில், தன் பெட்டியைத் திறந்து ஒரு நீலப் புடவையை எடுத்து நீட்டினாள். பெரியவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மாற்றிக்கொண்டாள். அவிழ்த்த புடவையைத் தம்பி மனைவி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது ஒரு நாள் ஈரம் இல்லையே அண்ணி."

"சுவர்ல கொஞ்சம் ஓதம்."

"பால்கனி வச்ச வீட்லயா?"

"பால்கனி நான் வச்சது இல்ல. நீ வச்சது."

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது. "கேக்கறவங்களுக்கு ஏதாவது சொல்லணுமே. அக்காவை எங்க அனுப்பிட்டீங்கன்னு கேக்கறாங்க. சும்மா குவார்ட்டர்ஸ்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. முதல்ல பால்கனிதான் சொன்னேன். அப்பறம் செடி வச்சேன். போன வாரம் மாடியையும் ஏத்திட்டேன்." அன்று அளவுநாடாவைச் சுருட்டியதுபோலப் புடவை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நெஜமா எங்க இருக்கீங்க?"

பெரியவளுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பதில்லை. நிமிர்ந்து நின்று சொன்னால் எதுவும் பொய்யாகத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது முந்தானை பாதியில் நிற்க, நிமிர முடியவில்லை.

"ஒரு வேன் வாங்கினேன். அதுக்குள்ள."

"வேன்னா?"

"வேன்தான். கட்டில் இருக்கு. அடுப்பு இருக்கு. எல்லாம் நானே வரைஞ்சு போட்டது. நல்லாத்தான் இருக்கு. ஜன்னல்தான் இல்ல."

வெளியே யாரோ மாப்பிள்ளையின் அம்மாவைத் தேடிக் கூப்பிட்டார்கள். தம்பி மனைவி தாழை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியும்?"

"ஒரு வெல்டருக்கு."

"உங்க தம்பிக்குத் தெரிய வேணாம்."

"தெரிய வேணாம்."

இந்த ஒன்றில் இருவருக்கும் ஒரு நொடிகூட யோசனை தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் நின்றும் அவர்கள் இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

பெரியவள் காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். வந்துடுங்க அண்ணி என்று ஒரு சொல். அதற்கு அவள் பதிலும் தயாராக இருந்தது: இல்லம்மா, எனக்கு அங்க பழகிடுச்சு, சின்னஞ்சிறுசுங்க இருக்கிற வீடு, நான் எதுக்கு இடைஞ்சல். தலையை நிமிர்த்தி, லேசாகச் சிரித்து, கையால் தள்ளிவிடுகிற பதில். அதைச் சொல்லிவிட்டால் போதும். கேட்டார்கள், நான்தான் வரவில்லை என்று மிச்ச நாளை ஓட்டிவிடலாம்.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

"சொல்லு."

தம்பி மனைவியின் உதடு அசைந்தது. அவள் கண்ணில் ஓர் அறை ஓடியதைப் பெரியவள் பார்த்தாள்: புதுக் கட்டில், அலமாரி, நடுவில் மிச்சமில்லாத தரை. கேட்டுவிட்டு, இவள் சரி என்று சொல்லிவிட்டால்?

"முந்தானையைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. ஒரு பக்கம் ஏறி இருக்கு."

பெரியவள் இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்க சம்பந்தியம்மா அடுத்த மாசம் வரேங்கறா."

"வேற குவார்ட்டர்ஸ் மாத்திட்டாங்கன்னு சொல்லிடறேன்."

"அடிக்கடி மாத்துவாங்கன்னு சொல்லு. அது பொய்யில்ல."

தம்பி மனைவி இந்தத் தடவை சிரிக்கவில்லை. தாழை எடுக்கப்போனவள் திரும்பி வந்து, பெரியவளின் தோளில் கசங்கியிருந்த மடிப்பைத் தன் உள்ளங்கையால் அழுத்தி நேராக்கினாள். அப்புறம் இருவரும் வெளியே போய், முன்வரிசையில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பார்த்தவர்கள் யாரும் எதுவும் சொல்ல முடியாது. குடும்பம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பெண் வீட்டுப் பக்கம் ஒருவர் சொன்னதாகப் பிற்பாடு தம்பி போனில் சொன்னான்.

பஸ்ஸில் திரும்பும்போது பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மானம் போய்விடக்கூடாது என்று மூடிய சுவர், அறுநூறு பேர் நடுவில் அந்த மானத்தையே வாங்கப் பார்த்தது. இது வரைபடத்துப் பிழை. பிழையை யார் போட்டார்களோ அவர்கள்தான் திருத்தவேண்டும். அடையாளம் கண்டுகொண்டு யாராவது ஊரில் போய்ச் சொன்னால், சொல்லட்டும். அங்கே வாசலில் நின்று பதில் சொல்லத் தம்பி மனைவி இருக்கிறாள். இன்னொரு மாடி வேண்டுமென்றாலும் ஏற்றிவிடுவாள்.

வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போய் இறங்கியதும், "வெட்டுங்க," என்றாள்.

தீப்பொறி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "சின்னதா ரெண்டு போதுமா?"

"எதுக்குச் சின்னது? தெருப் பக்கம் உட்கார்ந்தா தோள் தெரியற அளவுக்கு. எதிர்ப்பக்கம் அதுல பாதி. காத்து வர்ற வழியைவிடப் போற வழி உயரத்துல இருக்கணும். கூரையில காத்தாடி. அந்த எழுத்தையும் அழிச்சிடுங்க."

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"எங்க வீட்டுக் கல்யாணம் நல்லபடியா முடியாம போகுமா?"

வேலை முடியும்வரை புடவைகளையெல்லாம் பட்டறை வாசலில் கயிறு கட்டி வெயிலில் போட்டாள். டயர் வாங்க வந்த ஒருவர் பார்த்துவிட்டு, இது லாண்டரியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

புது ஜன்னலோடு முதல் சாயங்காலம் கிடங்குத் தெருவை விட்டு, கடைகளும் வீடுகளும் உள்ள ஒரு தெருவில் விளக்குக் கம்பத்தருகே வண்டியை நிறுத்தினாள். திரையை ஒதுக்கிக் கட்டினாள். உள்ளே விளக்கைப் போட்டாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கூனிக் குறுகி இருப்பதை யாரும் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

வேலை விட்டுப் போகிறவர்கள் போனார்கள். சைக்கிள்கள் போயின. ஒரு மனிதர் ஜன்னல் கண்ணாடியில் தன் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு போனார். இரண்டு பெண்கள் பையோடு பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி திரும்பி நேராக உள்ளே பார்த்தாள். பெரியவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. யாரும்மா நீங்க, இங்கயா இருக்கீங்க, உங்களுக்கு யாரும் இல்லையா என்று அவள் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வது என்பதுகூட இருந்தது: எனக்குத் தம்பி இருக்கான், பெரிய குடும்பம், நான்தான் இப்படி இஷ்டப்பட்டு.

"யாரோ குடியிருக்காங்க போல," என்றாள் அந்தப் பெண், பக்கத்தில் வந்தவளிடம்.

"ம். அப்பறம் அவங்க மாமியார் என்னதான் சொன்னாங்க?"

பேச்சு தெருமுனையில் திரும்பி மறைந்தது. இத்தனை மாதம் தகரத்துக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக் காத்த ரகசியம் இந்தத் தெருவில் ஒரு வரிகூடப் பெறவில்லை. பெரியவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ஒருத்திக்கு வேண்டிய அளவு அரிசி களைந்து போட்டாள். ஆவி எழுந்து, சுவரில் எங்கும் தங்காமல், உயரத்து ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.